இடது கைக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அச்சகத்தில் அவளுக்கு "எக்ஸ்பிரஸ்" என்று பெயர். மற்றவர்கள் எழுதிய புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொடுப்பது அவள் வேலை. கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், விரல் விசைப்பலகையில் ஓடும், வாய் பக்கத்து மேஜைக்காரியிடம் வம்பளந்துகொண்டிருக்கும். இருபத்திரண்டு வருடமாக இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதே இல்லை.

போன மழைக்காலத்தில் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தாள். வலது தோளில் நரம்பு போயிற்று. கை இருந்தது, சொன்ன பேச்சைத்தான் கேட்கவில்லை. "வரலாம், வராமலும் இருக்கலாம்" என்று டாக்டர் பட்டும் படாமலும் சொன்னார். இப்படிப் பேசத்தான் இத்தனை வருடம் படித்தாரா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அச்சக முதலாளி நல்ல மனிதர். வீட்டுக்கே வந்து, கொடுத்த காப்பியை ஆறவிட்டுவிட்டுத் தரையைப் பார்த்துப் பேசினார்.

"மூணு மாசம் பாப்போம்மா. அப்புறம் வந்து ஒரே ஒரு பக்கம், நான் சொல்லச் சொல்ல அடிச்சுக் காட்டு. முடிஞ்சா உன் சீட்டு உனக்குத்தான். முடியலன்னா... வேற ஆள் பாக்கணும். என்னைத் தப்பா நெனைக்காத."

ஒற்றைக் கையால் அடிக்க முடியாதா என்று கேட்பவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லவேண்டும். அவள் பழகிய தமிழ் விசைப்பலகையில் உயிரெழுத்துகள் எல்லாம் இடது கைப்பக்கம். மெய்யெழுத்துகளோ, வ, ங என்ற இரண்டைத் தவிர, அத்தனையும் வலது கைப்பக்கம். ஒரு கையை நீட்டி நீட்டி அந்தக் கோடிவரை போய்வந்தால் ஒரு வரிக்கு ஒரு யுகம் ஆகும். கையை அதன் இடத்திலேயே வைத்து அடித்தால் கிடைப்பது இவ்வளவுதான்: வா, வை, ஓ.

"இத வச்சுப் புத்தகம் போட்டா நாய்கூடப் படிக்காது" என்று சிரித்தாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அழுதாள்.

நாத்தனார் ஒருத்தி இருந்தாள், கணவனின் தங்கை. ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்ப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பில் கட்டைவிரல் அளவு பென்டிரைவ் ஒன்றைச் செருகினாள்.

"இதுல விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போடப்போறேன் அண்ணி."

"அதப் போட்டா என் கை வந்துருமா?"

"கை வராது. ஆனா இதுல எதையும் உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். கேக்க ஆள் இல்ல."

கால்மணி நேரத்தில் புதிய திரை வந்தது. அதன்பிறகு நடந்ததை அவள் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் அடியில் கிடந்த பட்டையை நாத்தனார் இழுத்து இடது ஓரத்தில் நிறுத்தினாள். ஜன்னலை மூடும் பொத்தான் வலது மூலையிலிருந்து இடது மூலைக்கு வந்தது. மவுஸ் இடது கைக்காரியின் மவுஸ் ஆயிற்று. இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தவேண்டிய இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் போதும் என்றாயிற்று. எது கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லாத ஒன்றை அவள் வீட்டிலும் பார்த்ததில்லை, வெளியிலும் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு கோப்பைத் திறந்து காட்டினாள் நாத்தனார். எந்த விசைக்கு எந்த எழுத்து என்று வரிவரியாக அதில் இருந்தது. மேலே, வருடக்கணக்கில் அதைத் திருத்தியவர்களின் பெயர்கள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம் என்று ஒரு குறிப்பு. முகம் தெரியாத யாரோ உட்கார்ந்து ழ-வுக்கு ஓர் இடம், ண-வுக்கு ஓர் இடம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அவளோ இத்தனை வருடம் அந்த எழுத்துகள் விசையின் பிளாஸ்டிக்கோடு பிறந்தவை என்று நினைத்திருந்தாள்.

"ஆல்ட் பட்டனைக் கட்டைவிரலால அழுத்திக்கிட்டா, வலதுபக்க எழுத்தெல்லாம் இடதுபக்கத்துக்கு வந்துரும்" என்று சொல்லி நாத்தனார் அந்தக் கோப்பில் எழுதிச் சேர்த்தாள். க, ப, ம, த, ந என்று வலதுபக்கம் இருந்த வரிசையை அப்படியே தூக்கி இடதுபக்கம் வைத்தாள். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

அடித்தால் விளங்கவில்லை. "படம்" என்று அடித்தால் "தறம்" என்று வந்தது. "கத்தி" என்றால் "நப்பி". பத்து நாள் ராப்பகலாக முட்டிமோதினாள். புது இடங்களை மனப்பாடம் செய்தாள். ஆனாலும் விரல் வேறெங்கோ ஓடியது. பதினோராம் நாள் லேப்டாப்பைப் படாரென்று மூடினாள்.

"போதும். இந்தக் கைக்கு அறிவு இல்ல."

கணவன் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

மறுநாள் துணி மடிக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. நப்பி, நப்பி, நப்பி. நூறு தடவை தப்பாக அடித்தாலும் எப்படி நூறு தடவையும் ஒரே தப்பு வரும்? அறிவில்லாத கை என்றால் கண்டபடி அல்லவா அடிக்கவேண்டும்? துணியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடி "ப" என்று நினைத்தாள். இடது ஆள்காட்டி விரல் தானாக அசைந்தது. வலது கையிலும் "ப" ஆள்காட்டி விரலுக்குத்தான். "த" என்று நினைத்தாள். மோதிர விரல். வலது கையிலும் மோதிர விரல்.

உயிரெழுத்தைத் தவிர வேறொன்றும் அறியாத இந்தக் கை, பக்கத்தில் இருந்த வலது கை இருபத்திரண்டு வருடம் செய்ததை எல்லாம் விரல்விரலாகக் கற்றுவைத்திருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. கையில் தப்பே இல்லை, கோப்பில்தான் தப்பு. நாத்தனார் இரண்டே விரலில் பார்த்துப் பார்த்துத் தட்டுகிறவள்; எந்த எழுத்துக்கு எந்த விரல் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

போன் போட்டாள். "ஏண்டி, வரிசையைத் தூக்கி வைக்கக் கூடாதுடி. கண்ணாடியில பாக்கிற மாதிரி திருப்பி வைக்கணும்!"

"நான் சாயந்தரம் வந்து மாத்தித் தரேன் அண்ணி."

"நீ ஒண்ணும் வரவேண்டாம்."

கோப்பை அவளே திறந்தாள். மவுஸால் ஒவ்வோர் எழுத்தாக வெட்டி ஒட்டினாள். சேமித்துவிட்டு, கட்டைவிரலை ஆல்ட்டில் ஊன்றி, கண்ணை மூடி அடித்தாள். கண்ணைத் திறந்தால் திரையில் "படம்". அடுத்து "கத்தி". அடுத்து, நினைத்தது எல்லாம். அழுகையும் சிரிப்புமாக இடது கையைத் தூக்கி, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

மூன்று மாதம் முடிந்த அன்று லேப்டாப்போடு அச்சகத்துக்குப் போனாள். முதலாளி ஒரு கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அவளுடைய வலது கை மடியில் கிடந்தது. அவர் அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். பாவம், அவர் மனசு கேட்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அவன்... கதவை... மெதுவாக..."

விரல்கள் அடுத்த சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

"சார், கொஞ்சம் வேகமாவே சொல்லுங்க."

அவர் நிமிர்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு முழு வாக்கியத்தைப் படித்தார். அது திரையில் இருந்தது. இன்னொன்றைப் படித்தார். அதுவும் இருந்தது. பக்கத்து மேஜைக்காரி எழுந்து வந்து பின்னால் நின்றாள். அவர் படித்துக்கொண்டே போனார்.

ஒரு பக்கம்தான் பரீட்சை. முதலாளி நான்காவது பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.