கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும் புஷ்பமேரி

புஷ்பமேரியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் சித்திரபுரத்தில் யாரிடம் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள், வாய் வலிக்கச் சொல்வார்கள். நான் மோனிஷாவின் அம்மா. வேறு மாதிரிதான் சொல்வேன்.

புஷ்பமேரியின் அப்பா மின்சார வாரியத்தில் லைன்மேன். குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்தவள். டிகிரி முடித்துவிட்டு மூணாறில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் வயசுப்பெண் என்ன செய்வாள்? பூசைக்குப் போவாள், துணி துவைப்பாள், போனை நோண்டுவாள். இவளோ பூசை முடிந்த கையோடு குவார்ட்டர்ஸ் கிளப் அறையைத் திறந்து, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்துவாள். ஒரு பைசா கிடையாது.

"எதுக்குட்டி உனக்கு இந்த வேலை?" என்று கேட்டேன்.

"புடிச்சிருக்குக்கா" என்றாள். அதற்கு மேல் கேட்டால் சிரிப்பாள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான் என் மோனிஷா. பத்தொன்பது வயது. இது தேறாது என்று சொன்ன சொந்தக்காரர்கள் கண்முன்னால் அவளை வளர்த்தவள் நான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, தலைவாரி, சோறு ஊட்டி, செருப்புவரை மாட்டிவிட்டவள் நான். நேற்று வந்த இவள் அவளுக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுத்துவிட்டாளாம். ஊரெல்லாம் அதே பேச்சு. ஆனால் வீட்டுக்கு வந்ததும் மோனிஷா என் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பாள். நானும் போட்டுவிடுவேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

இவள் பாடம் நடத்தும் லட்சணத்தை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பிள்ளை தடுமாறும்போது இவள் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். டம்ளர் சரியட்டும், பால் கொட்டட்டும், அசைய மாட்டாள். கல்நெஞ்சக்காரி! அவளைப் போய் மோனிஷா திங்கட்கிழமையே தேட ஆரம்பித்துவிடுவாள். "மேரிக்கா எப்ப வரும்? மேரிக்கா எப்ப வரும்?" ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைப் பிடித்து வைக்கவென்றே நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கிளப்புக்குப் போய்விட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. குழம்பில் காரம் சரியாகத்தான் இருந்தது.

போன மாதம் புஷ்பமேரி ஓடி வந்தாள். கோபிநாத் நடத்துகிற ஹோம்ஸ்டேயில் காலையில் விருந்தாளிகளுக்கு டீ கொடுக்க ஆள் வேண்டுமாம். மோனிஷாவைப் பற்றிப் பேசியிருக்கிறாள். ஒருநாள் காலையில் தனியாகச் செய்து காட்டினால் வேலை அவளுக்குத்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எனக்குப் பிறகு மோனிஷாவுக்கு யார் என்று நினைத்து நினைத்தே தூக்கம் போனவள் நான். அந்த வேலை அவளுக்குக் கிடைத்தே ஆகவேண்டும்.

"அக்கா, நீங்க வர வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் புஷ்பமேரி.

பெற்றவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? போனேன்.

சாப்பாட்டு அறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மோனிஷா தட்டில் கோப்பைகளை வைத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தாள். வாசலில் என்னைப் பார்த்ததும், "எம்மா!" என்று முகமெல்லாம் சிரிப்பு. நேராக வந்து தட்டை என் கையில் கொடுத்துவிட்டு நின்றாள். நானும் யோசிக்காமல் வாங்கி, நாலு பேருக்கும் டீயைக் கொடுத்து, சர்க்கரையும் போட்டுவிட்டேன்.

கோபிநாத் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ வேலைக்கு வர்றது சேச்சியா, மோளா?" என்று தன் மலையாளத் தமிழில் கேட்டார், அம்மாவா மகளா என்று.

எனக்கு உயிரே போய்விட்டது. புஷ்பமேரி என் கையைப் பிடித்தாள். "அக்கா, வெளிய வாங்க."

"நான் பெத்தவடி!"

"அதனாலதான் சொல்லுதேன். நீங்க நின்னா அவ செய்ய மாட்டா."

உண்மைதான். அதுதான் இன்னும் கடுப்பாக இருந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். கோபிநாத்திடம் அவள் கெஞ்சிக் கேட்டு மோனிஷாவுக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கினாள். உள்ளே அவள் குரல் கேட்டது. "மெதுவா, மோனிஷா. தட்டைப் பாத்து வா."

பிறகு மோனிஷாவின் குரல். "மேரிக்கா, நீயும் போ. வெளிய போ."

புஷ்பமேரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிரிப்பைக் காணோம். "என்னையும் போகச் சொல்லிட்டாக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. நல்லா வேணும் உனக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் முந்தானையை அவள் பக்கம் நீட்டினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே கோப்பைகள் சத்தம். ஒன்றும் உடையவில்லை. யாரோ "தேங்க் யூ" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து கோபிநாத் பேசினார்.

"நாளைக்கு ஏழு மணிக்கு வரணும், கேட்டோ?"

நானும் புஷ்பமேரியும் ஒரே நேரத்தில், "சரி" என்று எழுந்தோம். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை.

"வாறேன்" என்றாள் மோனிஷா, அவளும் எங்கள் பக்கம் திரும்பாமலே.