சூடு பண்ணுவது என்றால்

என் கணவர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

இருவருக்கும் ஒரே தொழில். ஈப்போவில் ஒரே பட்டறையில் சின்ன விமானங்களைப் பழுதுபார்க்கிறோம். குளிர்நாட்டில் இன்ஜினை எப்படிச் சூடாக்குவது என்று எங்கள் பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயம் உண்டு. "நம்ம ஊரு வெயில்ல இதெல்லாம் எதுக்குலா?" என்று அதை அவர் புரட்டக்கூட இல்லை. ஆனால் கனடாவில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் ஒப்பந்த வேலை கிடைத்ததும் முதல் ஆளாய்ப் பெட்டி கட்டினார்.

ஜனவரியில் ஒருநாள், ஈப்போ புந்தோங்கில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. அவருக்கு அது காலை நேரம். பின்னால் இன்ஜின் இரைந்தது.

"என்னாங்க சத்தம்?"

"ப்ளேன்லா. சூடு பண்ணி வைக்கச் சொன்னாங்க, பண்றேன்."

"ஹீட்டர் வச்சீங்களா?"

"எதுக்கு? நாலஞ்சு தடவ அடம் பிடிச்சிச்சு, அப்புறம் ஸ்டார்ட் ஆயிருச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் சூடு பண்ணுவது என்றால் ஸ்டார்ட் செய்து ஓடவிடுவதுதான். சுங்காய்த் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை என் மாமனார் தினமும் அப்படித்தான் சூடு பண்ணுவார். அங்கேயோ மைனஸ் பதினைந்து. ஆயில் கூழாகியிருக்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இன்ஜினைப் போர்வையால் மூடி, ஹீட்டரால் நெடுநேரம் சூட்டுக்காற்று ஊத வேண்டும். இல்லாவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசும். தரையில் ஒன்றும் தெரியாது. ஆகாயத்தில்தான் தெரியும்.

"நிப்பாட்டுங்க! உடனே போய்ச் சொல்லுங்க!"

"பைத்தியமா உனக்கு? ஆயில் பிரஷர் ஓகேலா. இன்னும் கொஞ்ச நேரத்துல ஒரு பொண்ணும் அவ வாத்தியாரும் பறக்கப் போறாங்க. சொன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"நீங்க ஏறிப் பறப்பீங்களா?"

போனை வைத்துவிட்டார். அடுப்பில் மீன் கருகியது. நானே அந்தப் பள்ளிக்குப் போன் செய்தேன். கோபத்தில் என் இங்கிலீஷ் தடுமாறியது. ஆனாலும் விமானத்தை நிறுத்திவிட்டார்கள். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்ததில் உலோகத் துகள்கள். அந்தப் படத்தை அவரே எனக்கு அனுப்பினார், ஒரு வார்த்தைகூட எழுதாமல்.

அந்த மாதமே திரும்பி வந்தார். புருஷன் பிழைப்பைக் கெடுத்தவள் என்று மாமியார் முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை என்னைத்தான் பேசுகிறார்கள். அவர் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் நேராகவே கேட்டேன்.

"நான் போன் பண்ணலன்னா நீங்க சொல்லியிருப்பீங்களா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே, "தெரியல" என்றார்.

அன்றிலிருந்து, பட்டறையில் அவர் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு இன்ஜினையும் நான் இன்னொரு தடவை திறந்து பார்க்கிறேன். அவர் கண் முன்னாலேயே.