அத்தான் நீலமான கதை

ஊர் அவளைத் தூறல் என்றுதான் கூப்பிடும். தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு வயலில் இறங்கினால் நடை பிசகாது, ஒரு இலை நனையாமல் தப்பாது. நடை நேர், வாய்தான் கோணல். எதிரே வருபவரைக் கேலி செய்யாமல் விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் வேளாண் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி அம்மா அவளைத் தேடி வந்தார். அங்கத்திய மண்ணில் செலினியம் என்கிற சத்து குறைவு. அதனால் கோதுமையிலும் குறைவு. கதிர் வெளிவரும் சமயத்தில் இலைமேல் தெளித்தால் அது மணியில் போய்ச் சேருமாம்.

"ஏக்கருக்கு எவ்வளவும்மா?"

"நாலு கிராம்."

"எங்கக்கா டீக்குப் போடுற சர்க்கரையே இதைவிட ஜாஸ்தி!"

"சிரிக்காதே. அளவு மிஞ்சினா விஷம். காத்தில்லாத நேரமாப் பார்த்து அடிக்கணும்."

தெளித்துப் பார்க்க அந்த அம்மா தேர்ந்த சோதனை வயலுக்கு அடுத்தது அக்கா புருஷனுடையது. ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ஆள். சேதி காதில் விழுந்ததும் வரப்பில் வந்து நின்றார்.

"மச்சினி, காத்து என் பக்கம் வீசுறப்ப அடிச்சு விடேன். நாலு துளி இந்தப் பக்கமும் விழட்டும்."

"அத்தான் கேட்டு இல்லேன்னு சொல்வேனா? நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க."

மறுநாள் அவளுக்கு வெறும் ஒத்திகை. எத்தனை அடி நடந்தால் எவ்வளவு தீர்கிறது என்று பார்க்க, தொட்டியில் தண்ணீரும் நீலச் சாயமும் மட்டுமே. காற்று நன்றாக வீசியது. அத்தான் வெள்ளைச் சட்டையில் கையை விரித்து நின்று, "இன்னும் உயர்த்திப் பிடி!" என்றார். பிடித்தாள். மனிதர் தலை முதல் கால் வரை நீலம். அந்தக் கோலத்திலேயே மாவு ஆலைக்குப் போய், "இந்தத் தடவை என்னுது செலினியம் கோதுமை" என்று மார்தட்டிவிட்டு வந்தார்.

நிஜத் தெளிப்பை இரண்டு நாள் கழித்து, இலைகூட அசையாத மாலையில் அவள் முடித்தாள்.

அறுவடையானதும் ஆலைக்காரர் அத்தானின் கோதுமையைச் சோதனைக்கு அனுப்பினார். செலினியம் எப்போதும்போல அடிமட்டம். அக்கா வீட்டு அடுக்களையில் அத்தான் கத்தவில்லை. அதுதான் தூறலை என்னவோ செய்தது.

"எல்லாம் வெறும் தண்ணி, அத்தான்" என்று ஒப்புக்கொண்டாள்.

"உங்கக்காவுக்குத் தொண்டையில தைராய்டு கோளாறு. இது அதுக்கு நல்லதுன்னு யாரோ சொன்னாங்க. அதான் ஆசைப்பட்டேன்" என்றார் அவர்.

 தூறல் நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அந்த அம்மா திட்டி முடித்து, பிறகு சிரித்து முடித்து, "வைத்தியம் டாக்டர் கையில. உங்கத்தான் வயலை அடுத்த சோதனையில சேர்த்துக்கலாம்" என்றார்.

அடுத்த பருவத்தில் அத்தான் வயலில் அளந்து அடித்தாள். மணியில் செலினியம் ஐந்து மடங்கு ஏறியிருந்தது. அத்தான் அந்தச் சோதனை முடிவுத் தாளைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

புது மாவில் சுட்ட முதல் ரொட்டியை அக்கா மென்று பார்த்தாள். இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"எப்பவும் போலத்தானே இருக்கு? இதுக்கா ரெண்டு பேரும் இந்த ஆட்டம் ஆடினீங்க?" என்றாள்.