கிராணி தொட்டிலில் உட்கார்ந்த நாள்

செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் பால் வெட்டிய காலத்தில், தோட்டம் எங்களுக்குக் கட்டித்தந்திருந்த லயத்து வீடுகளைச் சோதிக்க ஜொகூர் பாருவிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வருவார். வெள்ளைக்காரர்தான், ஆனால் தோட்டத்தை நடத்தும் துரையின் ஆள் இல்லை, சர்க்கார் ஆள். ஆபத்தான வீடு என்று அவர் எழுதிவிட்டால், துரை புதிதாகக் கட்டித்தான் ஆக வேண்டும்.

எங்கள் அறை ஆபத்தானதேதான். உத்திரத்தைக் கரையான் தின்றிருந்தது. தட்டினால் மாவாகக் கொட்டும். அதன் கீழேதான் என் ஆறு மாதப் பெண் குழந்தை தூங்க வேண்டும். பயத்தில், உத்திரத்தில் தொங்கிய தொட்டிலை அவிழ்த்துவிட்டேன். அப்படியும், எப்போது தலையில் விழுமோ என்று ராத்திரியெல்லாம் மேலேயே பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

அப்புறம் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். பெரிய மனிதர் வருகிறார், முகம் சுளிக்கக் கூடாது என்று தரையைச் சாணி போட்டு மெழுகினேன். சுவர் வெடிப்புகளில் மண் பூசினேன். உத்திரத்துக்கும் சுண்ணாம்பு அடித்தேன். வாசலில் கோலம் வேறு! லயம் முழுக்க இதே கூத்துதான். தோட்டக் கணக்கு எழுதும் கிராணி வந்து பார்த்துவிட்டு, “தொட்டிலையும் கட்டிவிடும்மா, லட்சணமா இருக்கும்” என்றார். அதையும் கட்டினேன்.

இன்ஸ்பெக்டர் குனிந்து உள்ளே வந்தார். துரையும் கிராணியும் பின்னால். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூலையில் நின்றேன். மதராஸில் தமிழ் படித்தவராம், “உத்திரம் பலமா?” என்று தமிழிலேயே கேட்டார்.

“பலம்னா அப்படியொரு பலம் ஐயா! பிள்ளை தொட்டில் அதுலதானே தொங்குது!” என்று கிராணி முந்திக்கொண்டார். இன்ஸ்பெக்டரின் பென்சில் நகர்ந்தது.

எனக்கு வந்ததே கோபம்! “அவ்வளவு பலம்னா நீங்களே அதுல உட்காருங்களேன் ஐயா!” என்றேன்.

வாசலில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் பென்சிலை நிறுத்தி, “உட்காருங்க” என்றார். கிராணி துரையைப் பார்த்தார். துரை கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் கிராணி தன் பெரிய உடம்பை மெல்லத் தொட்டிலில் இறக்கினார்.

ஒரு கணம் தாங்கியது. ஐயோ, மானம் போச்சே என்று நினைத்தேன். மறுகணம் உத்திரம் மளுக்கென்று முறிந்து, கிராணி தரையில் கிடந்தார், தலையெல்லாம் கரையான் மாவு. எழுந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “நல்லவேளை, பிள்ளை இதுல இல்ல.” பாவம், மனதாரத்தான் சொன்னார்.

சிரித்து ஓய்ந்த இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். “சுண்ணாம்பு ஏன் அடிச்சீங்க?”

“வீடு அசிங்கமா கிடந்தா என்னைத்தானே குறை சொல்வீங்க?”

“உங்களை இல்லம்மா. கட்டினவரைத்தான் கேட்பேன்.”

எனக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. வெளியே ஒருத்தி, “ஐயா, எங்க வீட்டுக்குத் திரும்ப வாங்க, கூரை ஒழுகுது!” என்று கத்தினாள். உடனே ஆளாளுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பார்த்து முடித்த வீடுகளுக்குள் எல்லாம் அவர் மறுபடி நுழைந்தார்.

புது வீடு கட்டும்வரை இருக்க, இருட்டுவதற்குள் எங்களைக் கெட்டியான அரிசி ஸ்டோர் கட்டடத்துக்கு மாற்றினார்கள். மகளைப் பாயில் படுக்கவைத்துவிட்டு, மேலே ஒருமுறைகூடப் பார்க்காமல் சமைக்கப் போனேன்.