கரையில் மூட்டிய தீ

சாலமன் தீவுகளின் வாலேகோ கரையில், பவளப்பாறைக்கு வெளியே படகு நின்றால், 'வரலாம்' என்பதற்கு அடையாளமாகத் தீ மூட்டுவார்கள். அது கண்ணில் படாமல் யாரும் கரையேற மாட்டார்கள்.

அந்த ஊர்ப் போலீஸ் நிலையத்தில் வயர்லெஸ் பார்த்தவள் நெஸ்டா கபோலோ. துப்பாக்கிக் கும்பல் ஒன்று அவள் தம்பி ஹென்ட்ரியை மலைமேல் பள்ளிக்கூடத்தில் அடைத்து வைத்திருந்தது. அன்று காலை உதவிக்கென்று அயல்நாட்டுப் போர்க்கப்பல் ஒன்று வந்து நின்றது. பழக்கதோஷம், நெஸ்டா ஓடிப்போய்த் தீ மூட்டிவிட்டாள். கப்பலிலிருந்து படகுகள் இறங்கிக் கரைநோக்கி வந்தன.

நிலையத்துக்குத் திரும்பினால் வயர்லெஸ்ஸில் கேப்டன்.

"புகை தெரியுது மேடம். தலைநகர்லேர்ந்து உத்தரவு வந்திருச்சா? உங்க அரசாங்கம் கூப்பிடாம நாங்க துப்பாக்கியோட எறங்கினா அது படையெடுப்பு. எங்க சட்ட ஆபீசர் பக்கத்துலயே உக்காந்து உயிர வாங்குறாரு."

அயல்நாட்டுப் படையைக் கூப்பிடத் தீர்மானம் போடலாமா என்றுதான் தலைநகர் ஹோனியாராவில் பாராளுமன்றம் பேசிக்கொண்டிருந்தது. மைக் கிடைத்தால் பெரிய மனிதர்கள் விடுவார்களா?

ஹென்ட்ரியின் மனைவி ரோவினா நெஸ்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்திருச்சுன்னு சொல்லுங்க அண்ணி. யாருக்குத் தெரியப்போவுது?"

நெஸ்டாவுக்கு அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனாலும் ரோவினாவிடம் சொன்னாள், "இன்னைக்கு என் பொய்ய நம்பி இவங்க வருவாங்க. நாளைக்கு வேற எவனாவது பீரங்கியோட வந்து, உங்க கரையில புகை தெரிஞ்சுதேன்னு சொன்னா?" பொத்தானை அழுத்தினாள். "இல்ல சார். இன்னும் கூப்பிடல. தீ எங்க ஊர் வழக்கம். தப்பு என்னோடது."

படகுகள் திரும்பின. ரோவினா கையை உதறிவிட்டுப் போனாள். நெஸ்டா தீயில் மணலை அள்ளிக் கொட்டினாள்.

தீர்மானம் நிறைவேறிய செய்தி சாயங்காலம் வந்தது. சிப்பாய்கள் மலையேறியபோது கும்பல் ஓடியிருந்தது. ஹென்ட்ரி உயிரோடு வந்தான். வலது கையில் இரண்டு விரல் இல்லை.

புண் ஆறிய பிறகு கேட்டான். "ஜன்னல்ல படகப் பாத்து அழுதேன்க்கா. அவனுங்களும் நடுங்கிட்டு இருந்தானுங்க. படகு திரும்பினதும் குளிர் விட்டுப்போச்சு, கத்திய எடுத்துட்டானுங்க. யாரு திருப்பி அனுப்பினது?"

"நான்தான்டா."

அவன் எழுந்து போய்விட்டான். அவள் செய்தது சரி என்றுதான் சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். அதை ஹென்ட்ரியின் கையைப் பார்த்துக்கொண்டு சொல்லட்டும்.

இன்றும் தம்பி மீன்பிடித்துத் திரும்பும் நேரத்தில் நெஸ்டா தீ மூட்டுகிறாள். அவன் படகு அதைப் பார்த்தபடியே அடுத்த கரைக்குப் போகிறது.