தெற்கு வானம் சிவந்த அன்று

"வானம் சிவக்கப் போகுதாம். கெதியா வெளிக்கிடும்" என்றார் என் கணவர். போன வாரம், நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரம்.

அரோரா... தென்துருவ ஒளி. நியூசிலாந்தில் எங்கள் ஒக்லாந்து வரைக்கும் அது எட்டிப் பார்ப்பது அபூர்வம். அதற்கென்றே இவர் வாங்கிய ட்ரைபாட் சில குளிர்காலங்களாகக் கராஜில் படுத்திருக்கிறது. வேறு வழி? அடுப்பை அணைத்தேன்.

ஹென்டர்சனில் எங்கள் பக்கத்து வீட்டில் கவிதா, அருண் என்று ஓர் இளம் ஜோடி. மதுரைப் பக்கம். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்தவர்கள். அன்றிலிருந்து கவிதாவின் அம்மா மகளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்களையும் காரில் ஏற்றிக்கொண்டோம்.

மேற்குக் கடற்கரையில் குளிர் காதைக் கடித்தது. தெற்கே பார்த்தால் வெறும் சாம்பல் நிறம்.

"இதுக்கோ தோசையை விட்டுட்டு வந்தனான்?" என்றேன்.

அவர் கவிதாவின் போனை ட்ரைபாடில் மாட்டி, ஒரு படம் எடுத்துக் காட்டினார். கடலுக்கு மேலே முழுக்க இளஞ்சிவப்பு. எங்கள் கண்ணுக்குப் பிடிபடாத நிறம் போனுக்குப் பிடிபட்டிருந்தது. தோசை மறந்துபோயிற்று.

பிறகு அந்த ஜோடியை வானத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

"பத்து செக்கன் ஆடாம நில்லுங்கோ. தம்பி, உம்மைத்தான்."

"முடியல அண்ணா, பல்லு தானா ஆடுது" என்றான் அருண்.

படத்தில் கவிதா தெளிவாக இருந்தாள். அருண் புகை மாதிரி இருந்தான். மறுபடி எடுக்கலாமென்றால் மேகம் மூடிவிட்டது.

பீச்சில் சிக்னல் கிடையாது. மலையேறித் திரும்பும்போது பின் சீட்டிலிருந்து கவிதா கேட்டாள். "அக்கா, இதை அம்மாவுக்கு அனுப்பட்டுமா? எது அனுப்பினாலும் நீல டிக் விழும். பதில்தான் வராது."

"பாக்கிறா எண்டால் போதும். அனுப்பும்."

அனுப்பினாள். நீல டிக் விழுந்தது. வழக்கம்போல ஒன்றுமில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். அருண் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஸ்வான்சன் தாண்டும்போது போன் அடித்தது.

ஊரில் மதியச் சாப்பாட்டு வேளை. கவிதாவின் அம்மாவின் குரல் முன் சீட்டில் இருந்த எனக்கே கேட்டது. "தலைக்கு ஒண்ணும் கட்டாம ஏன்டி பனியில நிக்கிற?"

கவிதா போனை இரண்டு கையாலும் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"கதையும் பிள்ளை" என்றேன்.

"கட்டிக்கிறேம்மா..." என்றாள். அதற்குள் அழுகை.

என் கணவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். பிறகு அதே குரல், சற்றுத் தாழ்ந்து: "மாப்பிள்ளை ஏன் மங்கலா இருக்காரு? உடம்புக்கு எதுவுமா?"

அருண் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நல்லாத்தான் இருக்கேன் அத்தை. குளிர்ல ஆடிட்டேன்."

அவர்கள் மூவரும் பேசி முடிக்கும்வரை நாங்கள் ரோட்டோரத்திலேயே இருந்தோம். வானம் ஏன் அந்த நிறம் என்று அந்த அம்மா கடைசிவரை கேட்கவே இல்லை.