பேராசிரியர் அல்

பதவி உயர்வு கிடைப்பதற்கு முன்பே பெயர்ப்பலகை செய்து வைத்துக்கொண்டவன் நான். அப்போது விண்ணப்பம்கூட அனுப்பியிருக்கவில்லை. பினாங்கின் லிட்டில் இந்தியாவில் பூக்கடைகளுக்கு நடுவே, கல்யாண வளைவுகளுக்கு எழுத்து வெட்டித் தரும் கடை ஒன்று உண்டு. ஒரு சனிக்கிழமை அங்கே போய், ‘இணைப்பேராசிரியர்’ என்று போட்டு என் பெயரை எழுதித் தரச் சொன்னேன். கடைக்காரர் அளவு பார்த்துவிட்டு, “அண்ணே, அப்பா பேரும் சேத்தா எழுத்து பொடிசாயிடும். தூரத்துல தெரியாது. அப்பாவ எடுத்துட்டா கம்பீரமா நிக்கும்லா,” என்றார். எடுத்துவிடுங்கள் என்றேன். யோசிக்கக்கூட இல்லை. கறுப்புப் பலகை, தங்க நிற எழுத்து. மேசையின் அடி இழுப்பறையில் பழைய விடைத்தாள்களுக்குக் கீழே ஒளித்து வைத்துக்கொண்டு, அறைக்கதவு சாத்தியிருக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். வயது ஐம்பதை நெருங்கிய ஆள் செய்கிற காரியமா என்று கேட்டால், இல்லைதான்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் களஞ்சியம் என்று ஒன்று இருக்கிறது. யார் என்ன கட்டுரை எழுதினாலும், என்ன தரவு சேர்த்தாலும், அந்த இணையதளத்தில் ஏற்றிவிட வேண்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். படிக்கிறார்களா என்பது வேறு விஷயம். ஆனால் பதவி உயர்வுக் குழு அதைத்தான் பார்க்கும், அதை மட்டும்தான் பார்க்கும். களஞ்சியத்தில் இல்லாதவன் எழுதாதவன். விண்ணப்பம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அதில் என் பெயரைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றே ஒன்று வந்தது: வளாகத்தில் கார் நிறுத்த இடமில்லை என்று பணியாளர் மடலில் நான் வேடிக்கையாக எழுதிய பத்தி. பினாங்கு நீரிணையின் சேற்றைப் பற்றி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எழுதியவற்றில் ஒன்றுகூட இல்லை. மறுபடி தட்டினேன். பெரிய எழுத்தில் தட்டினேன், சின்ன எழுத்தில் தட்டினேன். கோப்பி குடித்துவிட்டு வந்து தட்டினேன், ஏதோ நான் இல்லாத நேரத்தில் அவை திரும்பி வந்துவிடும் என்பதுபோல. கார் நிறுத்த இடம் மட்டும் அப்படியே நின்றது.

களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்ட நூலக அதிகாரியைத் எங்கள் வளாகத்துத் தமிழர்கள் எல்லோரும் களஞ்சிய அக்கா என்றுதான் சொல்வோம். தகவல் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவரையும் முனைவர் என்று அழைத்திருக்கலாம், யாருக்கும் தோன்றவில்லை. குளிரூட்டி உறுமும் கீழ்த்தள அறையில், உயரமான மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே வேலை செய்வார். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு கை தட்டச்சு செய்யும், இன்னொரு கை முறுக்கு டப்பாவுக்குள் இருக்கும். அவர் எதிரில் நிற்பவருக்கும் ஏதோ பேருந்தைத் தவறவிட்டதுபோல் ஒரு பரபரப்பு வந்துவிடும். எனக்கு ஏற்கெனவே வந்திருந்தது.

“அக்கா, என் கட்டுரை எல்லாம் காணோம்.”

“காணாமலாம் போகல. எல்லாம் உங்கப்பா எழுதியிருக்காரு, பாருங்க.”

திரையைத் திருப்பினார். ஆசிரியர்: அங்கமுத்து. அடுத்த வரியிலும் அங்கமுத்து. என் அப்பா பட்டர்வொர்த்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் உறவு முடிந்துவிட்டது. அவர் அங்கே நீரிணையின் அடிமண் துகள்களை அலசிக்கொண்டிருந்தார்.

“வெள்ளைக்காரன் ஃபார்ம்ல ரெண்டு பெட்டி இருக்கு தம்பி. ஒன்னு சொந்தப் பேரு, ஒன்னு குடும்பப் பேரு. நமக்கு ஏது குடும்பப் பேரு? கடைசியா இருக்கிற அப்பாவத் தூக்கி அதுல போட்டுடுறான். கம்ப்யூட்டர் அவரையே ஆசிரியராக்கிடுது.”

அது பாதிக் கதைதான். நம் மலேசிய அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில், இன்னாரின் மகன் என்பதற்காக, ‘ஏ/எல்’ என்று போடுகிறார்கள் அல்லவா? சில இதழ்கள் நடுவிலுள்ள சாய்கோட்டை விழுங்கிவிட்டு, மிஞ்சிய இரண்டு ஆங்கில எழுத்தையும் ‘அல்’ என்று படித்து, அதையே குடும்பப் பெயராக்கிவிட்டன. எனக்கு அவ்வப்போது ‘அன்புள்ள பேராசிரியர் அல்’ என்று பாலைவன நகரங்களிலிருந்து மாநாட்டு அழைப்பு வந்ததன் மர்மம் அன்றுதான் விளங்கியது. அல் நான் மட்டும் அல்ல. பல் சொத்தை, செம்பனை நோய், பாலத்தின் அதிர்வு, ஆட்டுக்குடல் புழு என்று எங்கள் தமிழ் ஆண்கள் எழுதியதில் பெரும்பகுதி அல் கணக்கில் குவிந்துகிடந்தது. “இந்தக் கேம்பஸ்லயே பெரிய அறிஞர் அல்தான்,” என்றார் அக்கா. “போன வருஷம் ஆய்வு அலுவலகம் அவருக்கு வாழ்த்துக் கடிதம் அனுப்புச்சு. ஆளு எந்த பில்டிங்னு என்னைக் கேட்டாங்க.”

அந்த வாரம் தினமும் கீழே இறங்கிப் போனேன். எல்லாவற்றையும் ஒரே ஆய்வாளர் எண்ணுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் ‘இது என்னுடையது’ என்று நானே சொடுக்கி உறுதி செய்ய வேண்டும். இளமையில் எழுதிய சிலவற்றை என்னுடையது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அக்கா முறுக்கைக் கடித்தபடி, “சீக்கிரம் சொடுக்குங்க. ஆட்டுப்புழுவுக்கு வெளிய ஆளு நிக்குது,” என்பார். அவர் வேலை செய்யும்போது நான் அறைக்குள் நடந்துகொண்டே இருப்பேன். கடைசி நாள் மதியம், எல்லாம் முடிந்து சேமிக்க வேண்டிய நேரத்தில் அவர் கை நின்றது. அந்தக் கை நின்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

“அப்பா இருக்காரா?”

“இருக்காரு. அக்கரையில, பாகான் டாலாம்ல.”

“இத அமுக்குனா அவரு பேரு போயிடும். ஒரு வார்த்த கேட்டீங்களா?”

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, அமுக்குங்கள் அக்கா என்றேன். அமுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அழைத்தார். “டேய், போன்ல என் பேரு போட்டா கப்பல் படத்தோட இங்கிலீஷ்ல ஏதோ வருமே, அது எங்கடா? கோப்பிக் கடையில சிங்காரத்துகிட்ட காட்டலாம்னு பாத்தா ஒன்னையும் காணோம்.” அவர் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்ததே எனக்குத் தெரியாது. தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிவைத்தேன். “சரி செய்யச் சொல்லு,” என்றார்.

பதவி உயர்வு வந்தது. பலகையைக் கதவில் மாட்டினேன். களஞ்சிய அக்கா போன வருடம் ஓய்வு பெற்று, மகளோடு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் இப்போது ஒரு மென்பொருள் இருக்கிறது. கேள்வி கேட்டால் உடனே மரியாதையாகப் பதில் சொல்கிறது. எதையும் அமுக்குவதற்கு முன்னால் நிற்பதில்லை. சில வாரங்களுக்கு முன், வேலை ஓடாத ஒரு பிற்பகலில், அக்காவின் பெயரைக் களஞ்சியத்தில் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அவருடைய அப்பா பெயரைத் தட்டினேன். எல்லாம் அங்கே இருந்தன: முனைவர் பட்ட ஆய்வேடு, பெயர்க் குழப்பங்களைத் தீர்ப்பது பற்றிய கட்டுரை உட்பட. ஊர் முழுக்கப் பெயரைத் திருத்தியவர் தன்னுடையதை மட்டும் தொடவில்லை. நேரமில்லாமல் விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா? கேட்டு ஒரு மின்னஞ்சல் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். அன்று முழுக்க அறைக்குள் நடந்தேன். வெளியே போகும்போதும் வரும்போதும் அந்தப் பலகை கண்ணை உறுத்தியது. களஞ்சியத்தில் நான் இல்லாமல் அப்பா இருந்தார். கதவில் அப்பா இல்லாமல் நான் இருந்தேன். களஞ்சியத்தை மட்டும் சரிசெய்திருக்கிறேன்.

மறுநாளே அப்பாவை வரச் சொன்னேன். ஃபெர்ரியில் வந்திறங்கியவரை என் அறைக்கு அழைத்துப் போனேன். பலகையைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். எழுத்தைத் தடவினார். “நல்லாத் தெரியுது,” என்றார். நானே ஆரம்பித்தேன். புதுப் பலகை செய்யச் சொல்லியிருக்கிறேன், அதில் அவர் பெயரும் இருக்கும்; எழுத்து சின்னதானாலும் பரவாயில்லை. களஞ்சியத்திலும் பழையபடி அவர் பெயரே வருமாறு மாற்றிவிடலாம், சட்டப்படி தவறில்லை, எங்கள் களஞ்சிய அக்காவே அப்படித்தான் வைத்திருக்கிறார் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக நீரிணையைப் பார்த்தார்.

“பலகையில போட்டுக்க. ஆனா அந்தக் கம்ப்யூட்டர்ல வேணாம்டா. போன வாரம் உன் கட்டுரை ஒன்ன உன் மவகிட்ட குடுத்து, தமிழ்ல சொல்லச் சொல்லிக் கேட்டேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “யாராச்சும் நான்தான் எழுதினேன்னு நெனச்சுக்கப் போறாங்க.”